படையில் தாதியாகலாமா?



க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில், பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலே ஒரு புதிய கவலை குடிபுகுகின்றது. அதுவரை, "பிள்ளை சித்தியடைவாளா?" என்பதே கவலையாக இருந்தது. சித்தியடைந்த பின்னரோ, "இனி என்ன செய்வது?" என்பது கவலையாகின்றது. விஞ்ஞானப் பாடங்களிலே சித்திபெற்றும், பல்கலைக்கழகம் புகுவதற்கு வேண்டிய புள்ளி சற்றே குறைந்துபோன பெண்ணொருத்திக்குத் தாதித் தொழில் இயல்பாகவே நினைவுக்கு வருகின்றது. அத்தொழிலுக்குரிய வழிகளை விசாரிக்கும்போது, அரசாங்கத் தாதியர் கல்லூரி என்னும் வழிக்கு அருகே மற்றொரு வழியும் தென்படுகின்றது. படைகளின் மருத்துவப் பிரிவிலே தாதியாகச் சேர்வதே அவ்வழி.

"அப்பா, பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கிறாங்களாம். நானும் எழுதிப் போடவா?" என்று மகள் கேட்கிறாள். "வேணாம்மா, அது நமக்குச் சரிப்படாது" என்கிறார் தகப்பனார். "எழுதித்தான் போடட்டுமே, பொம்பளப் பிள்ளைக்கு ஒரு கவர்மெண்டு வேலைன்னா சும்மாவா?" என்கிறாள் தாய். மூவர் சொல்லிலும் நியாயம் உண்டு. எனினும் மூவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. மகள் தொழிலைப் பற்றிப் பேசுகிறாள். தகப்பனார் சீருடையைப் பற்றிப் பேசுகிறார். தாய் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறாள்.

பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்வினா, உண்மையில் இரண்டு வினாக்கள் பிணைந்த ஒன்றாகும். தாதியாகலாமா என்பது முதலாவது. படையில் ஓர் அங்கமாகலாமா என்பது இரண்டாவது. முதலாவதற்கு மனம் தரும் விடை இரண்டாவதற்கும் பொருந்தும் என்று கொள்வது தவறு. இரண்டாவதற்கு அச்சம் தரும் விடையை முதலாவதன் தலையில் ஏற்றுவதும் தவறு. ஆதலின் இவற்றைத் தனித்தனியே வைத்து நோக்குதல் வேண்டும்.

முதற்கண் ஒன்றைக் கருத வேண்டும். இத்தகைய வினா ஒரு லயத்து வீட்டிலே எழுவதே புதுமை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர் என்று கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்க்கப்படுவதற்கு விடப்பட்டது. பிரஜாவுரிமை பெறாது எஞ்சியிருந்தோருக்கு அதனை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகமும் இல்லை. படைச் சேவையும் இல்லை. பாட்டி கொழுந்துக் கூடையுடன் நாடற்றவளாய் நின்ற நிலத்திலே, பேத்தி அந்நாட்டின் சீருடையை அணிவதா வேண்டாமா என்று ஆலோசிக்கிறாள். வேண்டாம் என்று அவள் முடிவு செய்யினும், அம்முடிவைச் செய்யும் உரிமை அவளுக்கு வந்திருக்கின்றது என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.

இனி, படைத் தாதி என்பவள் எப்படித் தோன்றினாள் என்பதைப் பார்ப்போம். கிரிமிய யுத்தத்தின்போது, 1854 ஆம் ஆண்டு, புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களுடன் துருக்கி நாட்டு ஸ்கூட்டாரியிலிருந்த பிரிட்டிஷ் இராணுவ ஆஸ்பத்திரியை அடைந்தார். அங்கே போர்வீரரைக் கொன்றது பகைவரின் குண்டு மட்டுமன்று. வாந்திபேதியும் வயிற்றுளைச்சலும் காய்ச்சலும் குண்டைவிடப் பன்மடங்கு பேரைக் கொண்டுசென்றன. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் ஆஸ்பத்திரியின் அடியிலே நிறைந்திருந்த கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்திசெய்து, காற்றோட்டத்துக்கு வழிசெய்த பின்னரே மரணத்தொகை பெரிதும் குறைந்தது. அன்பும் விளக்கும் மட்டும் போதா, சுத்தமும் ஒழுங்கும் கணக்கும் வேண்டும் என்பதே அம்மையார் அங்குக் கற்ற பாடம். 1860 இல் இலண்டன் சென். தோமஸ் ஆஸ்பத்திரியிலே அவர் தொடங்கிய தாதியர் பள்ளி அப்பாடத்தின் மீதே எழுந்தது.

இப்பாடத்தின் ஓர் அத்தியாயம் ஊவாவின் மலைகளிலேயே எழுதப்பட்டுள்ளது. தென்னாபிரிக்க யுத்தத்திலே பிரிட்டிஷார் பிடித்த போயர் கைதிகள் 1900 ஆகஸ்டு முதல் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 5,000 பேர் இலங்கைக்கு வந்தனர். குளிர்ந்த காற்றும் நல்ல நீரும் உள்ள இடமென்று தெரிந்தெடுக்கப்பட்ட அம்முகாமிலும் நெருப்புக் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தனர். அதே யுத்தத்தில், தென்னாபிரிக்காவிலே மாண்ட பிரிட்டிஷ் வீரருள்ளும், நோயால் இறந்தோரே போரில் இறந்தோரைவிட மிகுதி. அந்த அனுபவத்தின் பின்னரே, 1902 இல், அரசி அலெக்சாண்டிராவின் பெயரால் பிரிட்டிஷ் இராணுவத்துக்கென நிரந்தரமான தாதியர் சேவை ஒன்று அமைக்கப்பட்டது.

அயல்நாடான இந்தியாவிலோ, 1888 இல் பத்துத் தாதியர் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கியதே இராணுவத் தாதியர் சேவையின் தொடக்கம். 1926 இல் அது நிரந்தரச் சேவையாயிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1943 இல், அதன் தாதியர் அதிகாரிகளாக மதிக்கப்பட்டனர். 1976 இல் அச்சேவையைச் சேர்ந்த ஜி. ஏ. ராம் அம்மையார் மேஜர் ஜெனரல் பதவியை எய்தினார். இந்திய இராணுவத்திலே அப்பதவியைப் பெற்ற முதற் பெண்மணி ஒரு தாதியே என்பது கருதத்தக்கது.

இலங்கை இராணுவம் 1949 அக்டோபர் 10 ஆம் நாள் நிறுவப்பட்டது. அதன் மருத்துவப் படையணியும் அவ்வாண்டிலேயே உருவாயிற்று. இராணுவ மகளிர் படையணி 1979 இல் அமைக்கப்பட்டது. இன்று கொழும்பு நாரஹேன்பிட்டியிலே பெரிய இராணுவ வைத்தியசாலை இயங்குகின்றது. அங்கே தாதி செய்யும் வேலை, எந்தப் பெரிய வைத்தியசாலையிலும் தாதி செய்யும் வேலையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. காயத்துக்குக் கட்டுப் போடுதல், மருந்தின் அளவைச் சரிபார்த்தல், சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் செய்தல், இரவு முழுவதும் விழித்திருந்து நாடியையும் மூச்சையும் குறித்தல் ஆகியவையே அவள் வேலை. யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆயினும் அதன் காயங்கள் முடியவில்லை. முள்ளந்தண்டில் அடிபட்டுப் படுக்கையிலே கிடப்போரும், கால் இழந்து செயற்கைக் காலுடன் நடை பழகியோரும் இன்றும் பராமரிப்பை நாடுகின்றனர். படுக்கைப் புண் வராமல் ஒருவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் வேலையில் வீரப்பிரதாபம் எதுவும் இல்லை. ஆனால் அதைச் செய்யாவிடின் அவர் உயிர் பிழைப்பது அரிது.

படைத் தாதி நாடு கடந்து செல்லவும் நேரிடும். தென் சூடானிலே ஐக்கிய நாடுகளின் அமைதிப் படைக்கென ஓர் ஆஸ்பத்திரியை இலங்கை இராணுவ மருத்துவரும் தாதியரும் நடத்தி வந்துள்ளனர். அவ்வூரின் பெயரும் தமிழ்ச் செவிக்குப் 'போர்' என்றே ஒலிக்கின்றது.

ஆபத்து உண்டா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. உண்டு என்பதே நேர்மையான விடை. 1944 பெப்ரவரி 12 இல், மொம்பாசாவிலிருந்து கொழும்பை நோக்கி வந்த கெடீவ் இஸ்மாயில் என்னும் கப்பலை, மாலைத்தீவுகளுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. மாண்டவர் ஏறத்தாழ 1,300 பேர். அவர்களுள் தாதியர் உள்ளிட்ட 77 பெண்கள் இருந்தனர். இலங்கையிலே பணிபுரிய வந்துகொண்டிருந்த அவர்கள் கரையைக் காணவேயில்லை.

இந்த ஆபத்தை உணர்ந்தே உலக நாடுகள் ஒரு சட்டத்தை வகுத்தன. 1864 இல் தொடங்கி, 1949 இல் விரிவாக்கப்பட்ட ஜெனீவா உடன்படிக்கைகளே அவை. இலங்கை 1959 இல் அவற்றை ஏற்றது. 2006 இல் அவற்றை உள்நாட்டுச் சட்டமாகவும் ஆக்கியது. அவற்றின்படி, படையின் மருத்துவப் பணியாளரைத் தாக்குதல் கூடாது. பகைவர் கையில் அகப்படினும் அவர்கள் யுத்தக் கைதிகளாகக் கருதப்படார். தம்மையும் தம் நோயாளரையும் காத்தற்கன்றி அவர்கள் ஆயுதம் எடுத்தலாகாது. இப்பாதுகாப்புக்கு ஈடாக அவர்கள்மேல் ஒரு கடமையும் சுமத்தப்பட்டுள்ளது. காயமுற்றவன் எந்த இனத்தவன், எந்த மதத்தவன், எக்கட்சியினன் என்று பார்த்துச் சிகிச்சை செய்தல் கூடாது. யாருக்கு முதலிற் சிகிச்சை என்பதை மருத்துவத் தேவை ஒன்றே தீர்மானிக்கும். தன் படைவீரனும் பகைவனும் அருகருகே கிடக்கையில், பகைவனின் காயம் ஆபத்தானதாயின் அவனையே முதலிற் கவனிக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் இது ஒரு வரி. நடுச்சாமத்திலே, ஒரு பக்கத்து மக்கள் அனைவரும் கொதித்து நிற்கும் வேளையிலே, அதனைச் செய்துகாட்டுவது எளிதன்று. இதற்கு மனம் இசையுமா என்று தன்னைத் தானே கேட்டுப் பாராதவள் படைத் தாதியாகச் சேர்தல் தகாது.

சீருடை கூட்டித் தரும் மற்றொரு பொருள் கட்டுப்பாடு. அரசாங்க வைத்தியசாலைத் தாதி ஒருத்தி, தொழில் ஒத்துவராவிடின், விதிப்படி அறிவித்து விலகலாம். படையிலே 1949 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க இராணுவச் சட்டம் ஆளுகின்றது. ஒப்புக்கொண்ட காலம் முடியுமுன் சொல்லாமல் வீடு திரும்பினால், அது வேலையை விட்டதாகாது. படையை விட்டோடிய குற்றமாகும். இடமாற்றம் வந்தால் போக வேண்டும். தாய்க்குச் சுகமில்லை என்று தந்தி போன்ற செய்தி வந்தாலும், விடுமுறை கிடைத்த பின்னரே பதுளை ரயிலில் ஏற முடியும். அதிகாலையில் எழுந்து அணிவகுத்து நிற்றல், மேலதிகாரிக்கு மறுமொழி கூறாது பணிதல் ஆகியன பயிற்சியின் பகுதிகள். பெரட்டுக் களத்திலே விடியற்காலையில் பெயர் கொடுத்து நிற்கும் தாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஒழுங்கு புதிதன்று. ஆனால் பெரட்டுக்கு ஒருநாள் போகாவிட்டால் அன்றையச் சம்பளம்தான் போகும். படையிலோ சட்டம் தேடிவரும்.

இனித் தகப்பனாரின் அச்சத்துக்கு வருவோம். "அது நமக்குச் சரிப்படாது" என்னும் அச்சொல்லின் அடியிலே ஒரு வரலாறு கிடக்கின்றது. 1983 ஜூலைக் கலவரத்தின் நெருப்பு பதுளை நகரையும் எரித்தது. அதன்பின் 26 ஆண்டுக்காலம் நீடித்த யுத்தத்திலே, தமிழ் பேசிய ஒரே காரணத்தால் சோதனைச் சாவடிகளில் இறக்கி நிறுத்தப்பட்டவருள் தோட்டத்து இளைஞரும் இருந்தனர். அந்நினைவுடைய ஒருவர், அச்சீருடையைத் தம் மகள்மேற் காணத் தயங்குவது கோழைத்தனமன்று. அதனைக் கோழைத்தனம் என்று இகழும் பிள்ளை, தகப்பனாரை அறியாதவள் ஆவாள்.

அதே மலைகளில் வேறொரு நினைவும் உண்டு. 2014 அக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின்மீது மலை சரிந்து லயங்களை மூடியது. அன்று சேற்றைத் தோண்டித் தேட வந்தவர்களுள் இராணுவத்தினரும் இருந்தனர். ஒரு நினைவு மற்றொன்றை அழிப்பதில்லை. அழிக்க வேண்டியதும் இல்லை. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்து முடிவு செய்வதே நேர்மை. மேலும், அத்தகைய ஒரு நாளிலே, சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட மூதாட்டி ஒருத்தி "எங்கம்மா என் பேரப்பிள்ளை?" என்று தமிழிலே கேட்கும்போது, தமிழிலே மறுமொழி சொல்லும் தாதி ஒருத்தி அச்சீருடையினுள் இருத்தல் சிறு விஷயமன்று.

இங்கேதான் மொழி என்னும் பொருள் முன்வருகின்றது. படையின் அன்றாட நடைமுறை பெரும்பாலும் சிங்களத்திலேயே நடைபெறுகின்றது. சேர விரும்புபவள் சிங்களத்தைப் பேசவும் எழுதவும் நன்கு கற்றாக வேண்டும். இது இழிவன்று, தாதிக்கு மொழி ஒரு கருவி. ஆனால் அவளிடம் முன்னமே இருக்கும் தமிழ் என்னும் கருவி எங்கே அதிகம் பயன்படும் என்பதையும் அவள் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. ஆயினும், தோட்டத்திலிருந்து லொறியிலோ முச்சக்கர வண்டியிலோ ஏற்றிவரப்படும் நோயாளி ஒருவர், பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியின் வார்டிலே, நெஞ்சு "கரிக்கிறது" என்பதற்கும் "அடைக்கிறது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கையசைத்து விளக்க முயலும் நிலை இன்னும் முற்றாக நீங்கவில்லை. அந்த வேறுபாடு சில வேளைகளில் உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள வேறுபாடாகும். பதுளையிலேயே அரசாங்கத் தாதியர் கல்லூரி உண்டு. மூன்றாண்டுப் பயிற்சியின் பின் அவள் தன் மக்களின் படுக்கையருகே நிற்கக்கூடும். படைக்குச் செல்வதாயின், இதனை விட்டுச் செல்கிறோம் என்பதை அறிந்தே செல்ல வேண்டும்.

அயலார் பேச்சையும் குறிப்பிடாமல் விட முடியாது. "பட்டாளத்துப் பெண்ணை யார் கட்டுவான்?" என்பார் சிலர். முன்னர், இரவு வேலை செய்யும் எந்தத் தாதியைப் பற்றியும் இவ்வாறே பேசினர். பின்னர் அத்தாதியரின் சம்பளத்தால் தம்பிமார் படித்து, வீட்டுக்குக் கூரை மாறியபோது பேச்சும் மாறியது. ஊர்ப்பேச்சு நிலையற்றது, அதை ஒரு காரணமாகக் கொண்டு வாழ்நாள் முடிவைச் செய்தல் தகாது.

அதேபோல, கடனை ஒரு காரணமாகக் கொள்வதும் தகாது. படையிலே உணவும் உடையும் உறைவிடமும் உண்டு, மாதந்தோறும் பணம் அனுப்பலாம் என்பது மெய்யே. ஆனால் கடன் சில ஆண்டுகளில் தீரும். ஒப்பந்தக் காலமோ அதன் பின்னும் தொடரும். குடும்பத்தின் கடனுக்காக மட்டும் சீருடை அணிந்தவள், கடன் தீர்ந்த மறுநாள் அச்சீருடையைச் சிறையாகக் காண்பாள்.

ஆகவே, விண்ணப்பம் எழுதுமுன் செய்யவேண்டியவை சில உண்டு. அவ்வாண்டு வெளியான அறிவித்தலை முழுவதும் வாசிக்க வேண்டும். தரகர் சொல்லையோ பக்கத்து வீட்டார் சொல்லையோ நம்பலாகாது. எத்தனை ஆண்டுச் சேவை, பயிற்சியில் எப்பதவி, பயிற்சி முடிந்தபின் எப்பதவி, திருமணத்துக்கு ஏதேனும் தடை உண்டா என்பவற்றை எழுத்திலே காண வேண்டும். பெறப்போகும் சான்றிதழைக் கொண்டு, 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தாதியர் பேரவையிலே பதிவு பெற முடியுமா என்பதை விசாரிக்க வேண்டும். அப்பதிவு இருப்பின், படையை விட்டு முறைப்படி விலகிய பின்னும் தொழில் கையில் இருக்கும். இல்லையேல், சீருடையைக் கழற்றும் நாளிலே தொழிலும் கழன்றுபோகும்.

தாதித் தொழிலே தனக்கு ஏற்றதா என்பதையும் முன்கூட்டியே அறிய வழியுண்டு. உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரியிலே கிடக்கும்போது ஓரிரவு துணையிருந்து பார்க்கட்டும். தோட்டத்து மருத்துவிச்சி வீடு வீடாய்ச் செல்லும்போது, அவள் இசைவுடன் ஒரு நாள் கூடச் செல்லட்டும். சீழின் நாற்றத்தையும் நோயாளியின் சினத்தையும் தாங்கி, மறுநாளும் போக மனம் வருகிறதா என்று பார்க்கட்டும். மனம் வருமாயின் முதல் வினாவுக்கு விடை கிடைத்தது. அது கிடைக்குமுன் இரண்டாம் வினாவுக்குப் போதல் வீண்.

முதல் வினாவுக்கு ஆம் என்றும், இரண்டாம் வினாவுக்கு இல்லை என்றும் விடை வருமாயின், அவள் பதுளையிலோ பிற இடத்திலோ சிறந்த தாதியாகலாம்; அதில் குறைவு எதுவும் இல்லை. இரண்டுக்கும் ஆம் என்று விடை வருமாயின், தகப்பனார் தம் அச்சத்தை மறைக்காமல் சொல்லட்டும். மகள் அதனை இடைமறிக்காமல் கேட்கட்டும். கேட்ட பின்னும் அவள் மனம் உறுதியாய் இருப்பின், கையெழுத்திடும் உரிமையை அவளுக்கே விடுதல் வேண்டும். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நிற்பவளால் நோயாளியைத் தூக்க முடியாது. வெள்ளைச் சீருடையாயினும் பச்சைச் சீருடையாயினும், படுக்கையிலே கிடப்பவர் கேட்பது ஒன்றே: தம் அருகே நிற்பவள் தன் விருப்பத்தால் வந்து நிற்கிறாளா என்பதே அது.